18 மீட்டர் சான்றிதழோடு மால்டா: எங்கே இறங்கலாம்?

வணக்கம் மக்களே, செப்டம்பர் கடைசியில் ஒரு வாரம் மால்டா போகிறேன், அதில் நாலு நாள் டைவிங்குக்கு மட்டும். கையில் இருப்பது ஓப்பன் வாட்டர் சான்றிதழ், அதாவது 18 மீட்டர் வரைதான், இதுவரை மொத்தமே 11 டைவ். சிக்கலே அங்கேதான். எல்லோரும் பார்க்கச் சொல்கிற உம் எல் ஃபரூத், 1998-ல் வேண்டுமென்றே மூழ்கடித்த எண்ணெய்க் கப்பல், 36 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. சிர்கேவாவில் உள்ள ரோஸி இழுவைப் படகும் ஏறக்குறைய அதே ஆழம். முதல் இரண்டு நாளில் அங்கேயே அட்வான்ஸ்டு, அதாவது இன்னும் ஆழமாக இறங்க உதவும் அடுத்த நிலைச் சான்றிதழை, முடித்துவிட்டுப் போகலாமா, இல்லை அது அவசரக் குடுக்கைத்தனமா?

இன்னொன்று, கோஸோ தீவின் ப்ளூ ஹோல், கரையோரப் பாறைக்குள் இருக்கும் ஆழமான கடல்நீர்க் குழி. 2017-ல் இடிந்து விழுந்த அஸூர் விண்டோ என்ற இயற்கைப் பாறை வளைவின் பாறைகள் பக்கத்திலேயே நீருக்கடியில் கிடக்கின்றன, அதைப் பார்க்கத்தான் எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் கரையிலிருந்து சிலிண்டரைச் சுமந்துகொண்டு கரடுமுரடான பாறைமேல் நடக்க வேண்டுமாமே? போன டைவில் ஒரு கையில் ஃபின்னோடு (நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு) பாசியில் வழுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவன் நான்.

வடமேற்குக் காற்று அடித்தால் அந்தப் பக்கம் இறங்க முடியாது என்கிறார்கள். அப்படியானால் அன்றைக்கு எங்கே போனீர்கள்? அப்புறம், அந்தச் சமயத்தில் 5 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் தாங்கும் டைவிங் உடை) போதுமா? போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.