டென்மார்க் கொடி வானிலிருந்து விழுந்ததா? 1219 லிண்டனிசே கதை குறித்து

ஏட்டுச்சான்று:
டென்மார்க்கின் கொடியான டானெப்ரோ, 1219 ஜூன் 15 அன்று இன்றைய எஸ்டோனியத் தலைநகர் தாலினுக்கு அருகே, லிண்டனிசே போர்க்களத்தில் வானிலிருந்து விழுந்தது என்று நம் கட்டுரையில் பலர் வரலாறாகவே எழுதிவருவதை நான் மறுக்கிறேன். டென்மார்க் மன்னர் இரண்டாம் வால்டெமாரின் படை தளர்ந்தபோது பேராயர் ஆண்டெர்ஸ் சூனெசன் கைகளை உயர்த்தி வேண்டினார் என்றும், கைகள் தாழ்ந்தபோதெல்லாம் எஸ்டோனியர் முன்னேறினர் என்றும், இறுதியில் வெண்சிலுவை பொறித்த செங்கொடி வானிலிருந்து இறங்கியது என்றும் சொல்கிறார்கள். அமலேக்கியரோடு நடந்த போரில் மோசே கைகளை உயர்த்தி நின்றதாக விவிலியத்தின் யாத்திராகமம் கூறும் காட்சியை இதில் யாரும் அடையாளம் காணலாம். அதைவிட முக்கியமானது, இந்தக் கதை எழுத்தில் தென்படுவதே 1520-களில், டேனிய அறிஞர் கிறிஸ்டியர்ன் பெடெர்சனும் பிரான்சிஸ்கன் துறவி பெட்ருஸ் ஒலாயும் எழுதியவற்றில்தான் என்பது. போர் நடந்து சில ஆண்டுகளுக்குள் எழுதிய வரலாற்றாளர் லிவோனியாவின் ஹென்றி, எஸ்டோனியர் ஐந்து முனைகளில் தாக்கியதையும், மன்னர் என்று எண்ணி ஆயர் தியோடெரிக்கை அவருடைய கூடாரத்திலேயே கொன்றதையும், பால்டிக் கரையின் ஸ்லாவிய மக்களான வென்டியரின் படையுடன் வந்த இளவரசர் விட்ஸ்லாவ் எதிர்த்து நின்றதையும் விரிவாகச் சொல்கிறார். கொடியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

வடகடல்:
ஹென்றியின் மௌனத்தை நடுநிலையாளரின் மௌனமாக நீங்கள் கொள்வது சரியன்று, நண்பரே. அவர் ரீகா (இன்றைய லாட்வியத் தலைநகர்) ஆயரின் பக்கம் நின்ற பாதிரியார். எஸ்டோனியரை மதம் மாற்றும் உரிமை ரீகாவுக்கா, டென்மார்க்கினரான டேனியருக்கா என்ற கடும் பூசல் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் அவர் எழுதினார். டேனியர் அவசரமாகத் திருமுழுக்கு அளித்ததை அவரே குறை கூறுகிறார். அப்படிப்பட்டவர் எதிர்த்தரப்புக்கு வானமே கொடி கொடுத்தது என்று எழுதியிருப்பார் என எதிர்பார்க்கலாமா? வால்டெமார் வெல்லும் நிலத்தைத் தம் ஆட்சியோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று 1218-இல் போப் மூன்றாம் ஹொனோரியுஸ் இசைவு தந்திருந்தார். எனவே அது முறையான சிலுவைப் போர்; சிலுவைக் கொடி ஒன்று அந்தப் படையுடன் சென்றிருக்கவே வாய்ப்பு மிகுதி. அற்புதம் பிற்சேர்க்கையாக இருக்கலாம், ஆனால் கொடியே பிற்சேர்க்கை என்று நிறுவ உங்கள் சான்று போதாது.

ஏட்டுச்சான்று:
ஹென்றிக்கு உள்நோக்கம் இருந்ததை ஏற்கிறேன். ஆனால் டேனியருக்கு அந்த உள்நோக்கம் இல்லையே? தங்கள் மன்னருக்கு விண்ணிலிருந்து வந்த பரிசை 13-ஆம் நூற்றாண்டின் டேனிய ஆண்டுக்குறிப்புகள் ஏன் பதிவு செய்யவில்லை? தாம் எழுதியவற்றுள் ஓரிடத்தில் பெட்ருஸ் ஒலாய் இதே அற்புதத்தை 1208-ஆம் ஆண்டில், ஃபெலின் என்ற வேறோர் ஊரில் நடந்ததாகக் கூறுகிறார் என்பதையும் கவனியுங்கள். இடமும் ஆண்டும் இப்படி இடம்பெயரக்கூடிய ஒரு கதையை 1219-இல் ஆணியடித்து நிறுத்த முடியாது. கொடியின் முடிவும் அப்படித்தான். பிற்கால டேனிய மன்னர் பொமெரேனியாவின் எரிக் நாட்டைவிட்டு நீங்கியபோது அதை எடுத்துச்சென்றார் என்கிறது ஒரு மரபு; 1500-இல் இன்றைய வட ஜெர்மனியிலுள்ள டிட்மார்ஷனில் டேனிய மன்னர் ஹான்ஸ் தோற்றபோது அது பறிபோயிற்று என்கிறது மற்றொன்று. அந்தத் தோல்வியைப் பற்றி ஹான்ஸ் எழுதிய கடிதத்திலோ அத்தகைய இழப்பு எதுவும் பேசப்படவில்லை.

தரங்கைக்கரை:
இடையில் நுழைவதற்குப் பொறுத்தருளுங்கள். 1620 முதல் 1845 வரை எங்கள் தரங்கம்பாடியை ஆண்டவர்கள் டேனியர்களே என்பதால் இந்தக் கொடி எனக்கு அயலானதன்று. நீங்கள் இருவரும் கொடி எப்போது வந்தது என்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். கதை யாரை மறைக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை. லிண்டனிசேயில் எஸ்டோனியர் தங்கள் சொந்த மண்ணில் நின்று போரிட்டார்கள். அவர்களுடைய தோல்வியை வானத்தின் தீர்ப்பாக்கிவிட்டால், படையெடுத்து வந்தவரிடம் எந்தக் கேள்வியும் கேட்க வேண்டியதில்லை. என்னை உறுத்துவது இதுதான்.

வடகடல்:
உங்கள் உறுத்தல் நியாயமானது, ஐயா. ஆனால் எஸ்டோனியர் இன்று அந்தக் கதையை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாலின் நகரின் சிறிய சின்னத்தில் சிவப்பின்மேல் வெண்சிலுவை இன்றும் இருக்கிறது. கொடி விழுந்த இடமென்று சொல்லப்படும் பூங்காவை டேனிய மன்னரின் தோட்டம் என்ற பெயரிலேயே பேணுகிறார்கள். வென்றவர் சொன்ன கதையாகத் தொடங்கியது இரு நாட்டினரும் பகிரும் நினைவாக மாறியிருக்கிறது.

ஏட்டுச்சான்று அவர்களுக்கு ஒரு கேள்வி: 1219 வேண்டாமென்றால் எந்த ஆண்டை வைப்பீர்கள்?

ஏட்டுச்சான்று:
14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த கெல்ரே சின்னத்தொகுப்பில் (மன்னர், பிரபுக்களின் மரபுச்சின்னங்களைத் தீட்டிய ஏடு) டேனிய மன்னரின் சின்னத்தோடு வெண்சிலுவைச் செங்கொடி வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளது. உறுதியாகக் கை வைக்கக்கூடிய சான்று அதுவே. போப் அனுப்பிய கொடி, புனித ரோமப் பேரரசின் போர்க்கொடி, சிலுவைப் போர் வீரத் துறவியரான புனித யோவான் சபையினரின் கொடி என அதற்கு முந்தைய மூலத்தைப் பற்றிச் சொல்லப்படுபவை யாவும் ஊகங்கள்தாம். சிவப்பின்மேல் வெண்சிலுவை அக்காலத்தில் பலருக்கும் உரியதாக இருந்ததே அவற்றுக்கு இடம் தருகிறது. பழமையான மக்கள் நினைவு என்று சொல்வதற்கு முன் இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள்: 1834-இல் குடிமக்கள் இக்கொடியை ஏற்றுவதற்குத் தடை இருந்தது, 1854-இல்தான் அது நீங்கியது. நெடுங்காலம் அது மன்னருக்கும் படைக்கும் கப்பலுக்கும் உரிய கொடியாகவே இருந்தது. டேனிய ஓவியர் லோரன்சன் 1809-இல் தீட்டிய ஓவியம் போன்றவைதான் விழும் கொடியை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தன.

வடகடல்:
கெல்ரேயை ஏற்கிறேன். ஆனால் அதில் முழு உருவத்தோடு காணப்படும் கொடி, அது தீட்டப்பட்ட நாளில் பிறந்ததாக இருக்க முடியாது. ஆகவே நம் கட்டுரையில், '1219 என்பது மரபு, 14-ஆம் நூற்றாண்டு என்பது சான்று' என்று இரண்டையும் எழுதுங்கள். தரங்கைக்கரை ஐயா கேட்டபடி எஸ்டோனியரின் பக்கத்தையும் சேருங்கள். 'புனைகதை' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிக்கும் வரைவை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

ஏட்டுச்சான்று:
அந்த வரியை எழுதுகிறேன். ஆனால் 1520-களுக்கு முன் இக்கதைக்கு எழுத்துச்சான்று இல்லை என்பதையும் அதே பத்தியில், அடிக்குறிப்பாக அல்லாமல், முதல் வாக்கியமாகவே வைப்பேன்.