ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் எடை பார்ப்பதைக் கட்டாயமாக்கணுமா?

செம்பூர் கணேஷ்:
அப்பாவுக்கு நிமோனியா. மும்பையில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தோம். சுகர், பிரஷர், ஈசிஜி எல்லாம் பார்த்தாங்க. எடையை மட்டும் "எவ்வளவு இருப்பார்?"னு என்கிட்ட கேட்டு எழுதிக்கிட்டாங்க. வேட்டி இடுப்புல நிக்காத அளவுக்கு இளைச்சிருந்தார், அதை யாரும் விசாரிக்கலை. மத்தியானச் சப்பாத்தி தொடாம அப்படியே இருக்கும். தட்டு எடுக்க வர்றவர் மூடியைக்கூடத் திறக்காம வண்டியில அடுக்கிட்டுப் போயிடுவார். சேர்ந்த முதல் நாளே எடை, எவ்வளவு இளைச்சிருக்காங்க, எவ்வளவு சாப்பிடறாங்கனு மூணையும் எல்லாருக்கும் பார்த்தே ஆகணும்.

வார்டு டாக்டர்:
கணேஷ், உங்க ஆதங்கம் நியாயம். ஆனா கட்டில் பத்தாம தரையில பாய் விரிச்சுப் படுக்கிற வார்டுல, நைட் டியூட்டி சிஸ்டருக்கு ஊசி போடவே நேரம் போதாது. இன்னொரு படிவம் வந்தா 'நார்மல்'னு டிக் அடிச்சு ஃபைல்ல சொருகிடுவாங்க. முதல்ல டயட்டீஷியன், அதாவது நோயாளிக்கு உணவுத் திட்டம் போடுறவங்க, ஆள் போடச் சொல்லுங்க. சந்தேகம் இருக்கிறவங்களுக்கு ரத்தத்துல அல்புமின்ங்கிற புரத அளவைப் பார்த்தாப் போதும்.

மாட்டுங்கா மீனா:
டாக்டர், நான் டயட்டீஷியன். அல்புமினை நம்பாதீங்க, தொற்று இருந்தாலே அது இறங்கிடும். ஊட்டச்சத்துக் குறைபாட்டு அபாயத்தைக் கண்டுபிடிக்க பிரிட்டன்ல 2003லிருந்து 'மஸ்ட்'னு ஒரு முறை இருக்கு. பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையானு சொல்ற கணக்கு), 3 முதல் 6 மாசத்துல தானா குறைஞ்ச எடை, கடும் நோயால 5 நாளுக்கு மேல சாப்பிட முடியாத நிலை. அவ்வளவுதான் பார்க்கணும். ஒவ்வொண்ணுக்கும் புள்ளி உண்டு; எடை 10 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தா அதுக்கே 2. மொத்தம் 2 புள்ளி வந்தா எங்களைக் கூப்பிடணும். எழுந்து நிக்க முடியாதவருக்கு இஞ்ச் டேப் போதும்: மேல்கைச் சுற்றளவு 23.5 செ.மீ.க்குக் கீழே இருந்தா பிஎம்ஐ 20க்குள்ளதான் இருக்கும்னு எடுத்துக்கலாம். சுவிட்சர்லாந்துல 8 ஆஸ்பத்திரிகள்ல, ஊட்டச்சத்துக் குறைபாட்டு அபாயம் இருந்த 2,088 பேர்கிட்ட நடந்த ஆய்வு 2019ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்தது. வழக்கமான சாப்பாட்டுல இருந்தவங்கள்ல 30 நாளுக்குள்ள இறந்தது 9.9 சதவீதம். தனித்தனியா உணவுத் திட்டம் போட்டவங்கள்ல 7.2.

வார்டு டாக்டர்:
அந்தத் திட்டத்தைப் போட்டதே டயட்டீஷியன்கள்தானே? நானும் அதைத்தான் சொல்றேன். இன்னொண்ணு, ஆள் இல்லாம அபாயம்னு மட்டும் சொன்னா வீட்டுக்காரங்க பயந்து திணிப்பாங்க. பல நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீர்னு நிறையக் குடுத்தா ரத்தத்துல பாஸ்பேட், பொட்டாசியம் மாதிரி உப்புச் சத்து சரிஞ்சு இதயமே தடுமாறும்.

மாட்டுங்கா மீனா:
யார் பட்டினி கிடந்தவர்னு முதல் நாளே தெரிஞ்சாத்தானே டாக்டர், தயமின் (பி1 விட்டமின்) குடுத்து, அந்த உப்புச் சத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பாட்டை மெதுவா ஏத்த முடியும்?

தாராவி செல்வி:
மீனாக்கா, எங்க மாமியாருக்குச் சப்பாத்தி இறங்கலை. ரசம் சாதம் கொண்டுபோனா ஆகுமா?

மாட்டுங்கா மீனா:
வார்டுல கேட்டுட்டுக் குடுங்கம்மா. ரசத்துல மட்டும் புரதம் கிடைக்காது. கிட்னி, சுகர் தொந்தரவு இல்லைனா குழையப் பருப்பு, தயிர், வேகவெச்ச முட்டை சேர்த்துக்குங்க. எவ்வளவு மிச்சம் வெச்சாங்கனு சிஸ்டர்கிட்ட சொல்லுங்க.

வார்டு டாக்டர்:
சரி, மிச்சத்தைச் சார்ட்ல எழுதுறதுக்கு நான் ஒத்துக்கிறேன். ஆனா எல்லாருக்கும் வேண்டாம். வயசானவங்க, கேன்சர், டிபி, ஐசியூவோட ஆரம்பிக்கலாம்.

செம்பூர் கணேஷ்:
டாக்டர், எங்க அப்பா ஆறு மாசத்துக்குள்ள 90 கிலோவிலிருந்து 80க்கு வந்தவர். பார்க்க நல்ல உடம்பாத்தான் தெரிவார். 10 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு, மீனா சொன்ன கணக்குல அதுக்கே 2 புள்ளி வருது. ஆளைப் பார்த்துப் பட்டியல் போட்டா ஒல்லியானவங்கதான் கண்ணுல படுவாங்க. எல்லாரையும் தராசுல ஏத்துங்கனு கேக்கிறது அதனாலதான்.