மகள் பில்டிங் சர்வேயிங் படிக்க விரும்புகிறாள்: ஆலோசனை தேவை

கேள்வி (ஹாரோ, லண்டன்)
அனைவருக்கும் வணக்கம். ஏ லெவல் இறுதியாண்டில் இருக்கும் எங்கள் மகள், பல்கலைக்கழகத்தில் பில்டிங் சர்வேயிங் படிக்க வேண்டும் என்று உறுதியாக நிற்கிறாள். கட்டடத் துறைக்குத்தான் போவதென்றால் சிவில் எஞ்சினியரிங்கோ குவாண்டிட்டி சர்வேயிங்கோ படிக்கலாமே என்பது எங்கள் எண்ணம். இந்தப் படிப்பில் என்ன கற்பிக்கிறார்கள், அவற்றிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்பதைத் துறையில் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (பில்டிங் சர்வேயர், லெஸ்டர்)
ஐயா, குவாண்டிட்டி சர்வேயர் கட்டுமானச் செலவையும் ஒப்பந்தத்தையும் கவனிப்பவர். பில்டிங் சர்வேயருக்கோ, ஏற்கெனவே நிற்கும் கட்டடத்துக்கு என்ன கேடு வந்தது, ஏன் வந்தது, எப்படிச் சீராக்குவது என்று கண்டறிவதே முதன்மையான பணி. எடுத்துக்காட்டாக, வெளிச்சுவரில் செங்கற்களின் குறுகிய முகமும் நீண்ட முகமும் மாறிமாறித் தெரிந்தால் அது பெரும்பாலும் திண்சுவர், அதாவது நடுவே இடைவெளி இல்லாத சுவர். நீண்ட முகம் மட்டும் தெரிந்தால், நடுவே இடைவெளி விட்டு இரண்டு அடுக்காகக் கட்டிய இடைவெளிச் சுவராக இருக்கும் வாய்ப்பு அதிகம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய விக்டோரியா மகாராணி காலத்துத் (19ஆம் நூற்றாண்டு) திண்சுவர், தான் உறிஞ்சிய ஈரத்தை வெளிக்காற்றில் ஆற்றிக்கொள்ளும். அதன்மேல் சிமெண்டைப் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஈரமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பிச் சுவருக்குள் இரசாயனம் செலுத்தச் சொல்லாமல், மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா, வெளியே மண், தரையின் ஈரம் மேலேறாமல் சுவரின் அடியில் வைக்கும் ஈரத்தடுப்புப் படலத்துக்கு மேல் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கும் கண்ணை இப்படிப்பு தர வேண்டும். அதைத் தரும் பல்கலைக்கழகத் துறையாகப் பார்த்துச் சேருங்கள்.

மறுமொழி (பட்டதாரிப் பயிற்சியாளர், லண்டன்)
மேலே சொன்னதுடன் சட்டமும் கணிசமாக உண்டு. பக்கத்து வீட்டாருடன் பகிரும் பொதுச்சுவர் பற்றிய 1996ஆம் ஆண்டுச் சட்டம், குத்தகை முடியும்போது கட்டடப் பழுதுகளுக்காக உரிமையாளர் குத்தகைதாரரிடம் எழுப்பும் கோரிக்கைகள், 72 உயிர்களைப் பறித்த 2017 லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்துக்குப் பின் வந்த 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவை அன்றாட வேலையிலேயே வரும். தேர்ந்தெடுக்கும் பட்டத்துக்கு சர்வேயர்களின் தொழில்முறை அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ். அங்கீகாரம் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் உறுதிசெய்யுங்கள். பட்டம் பெற்றவுடன் அந்த அமைப்பு வழங்கும் சார்ட்டர்டு (முழுத் தொழில்முறை) தகுதி கிடைத்துவிடாது; புதிய பட்டதாரிகள் வேலையில் இருந்தபடி குறைந்தது 24 மாதப் பயிற்சியை முடித்து, ஒரு மணி நேர நேர்முகத் தேர்வில் தேற வேண்டும். இடையில் ஓராண்டு நிறுவனப் பயிற்சி உள்ள படிப்பு என்றால் இன்னும் நல்லது.

மறுமொழி (சிவில் எஞ்சினியர், மெல்பேர்ண்)
தூணும் உத்தரமும் தாங்கும் பாரத்தைக் கணக்கிட்டு வடிவமைப்பதில்தான் மகளுக்கு ஆர்வம் என்றால் சிவில் எஞ்சினியரிங்கே பொருத்தம். பிற்காலத்தில் இங்கே குடியேறும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பில்டிங் சர்வேயர் என்பவர் கட்டட அனுமதி வழங்கி, கட்டுமானம் விதிப்படி நடக்கிறதா என்று சோதிப்பவர். அதற்கு இங்கே தனியாகப் பதிவு பெற வேண்டும்.