1968 ஷெவர்லே சி10 பிக்கப்: ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கி 350 வி8 ஏற்றுவது பற்றி

கேள்வி (எழுதியவர்: தார்ப்பாய்)

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோவுக்கு அருகே ஒரு பண்ணைக் கொட்டகையில் பல ஆண்டுகளாகத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்த 1968 ஷெவர்லே சி10 பிக்கப் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். 250 கன அங்குலம், அதாவது 4.1 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின், ஸ்டீயரிங் தண்டிலேயே நெம்புகோல் உள்ள மூன்று கியர் பெட்டி, நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் என்று எல்லாமே ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்ததால் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தேன். ஐந்தாவது சிலிண்டரின் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடியிருக்கிறது. போரிங் செய்தாலும் பயனில்லை என்று லேத் பட்டறையில் சொல்லிவிட்டார்கள்.

இப்போது கைக்கெட்டும் தொலைவில் இரண்டு எஞ்சின்கள் உள்ளன. ஒன்று, பிளாக்கின் (எஞ்சினின் முதன்மை வார்ப்புடல்) பின்புறத்தில் 3970010 என்ற வார்ப்பு எண்ணுள்ள 350 வி8, அதாவது 350 கன அங்குலம் கொண்ட எட்டு சிலிண்டர் எஞ்சின். மற்றொன்று, 1997 ஷெவர்லே டாஹோ வண்டியிலிருந்து கழற்றிய வோர்டெக் 350; அதே 350-யின் பிந்தைய வகை. விலையில் பெரிய வேறுபாடு இல்லை. மூன்று கியர் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்ள விரும்புகிறேன். எதை எடுப்பது, எங்கெல்லாம் சிக்கல் வரும், புகைச் சோதனையில் தடை ஏதும் உண்டா என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1 (பழஞ்சக்கரம்)

புகைச் சோதனையை முதலில் முடித்துவிடுவோம். கலிஃபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளுக்கு அந்தச் சோதனையே கிடையாது என்பதால், உங்கள் வண்டிக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கியர் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஆறு சிலிண்டருக்கும் ஷெவர்லேயின் சிறிய வி8 எஞ்சின்களுக்கும் பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் கூடு) போல்ட் துளைகள் ஒரே அமைப்பில் உள்ளன. இந்த மாற்றம் அரை நூற்றாண்டாகப் பலராலும் செய்யப்படுவதற்கு முதன்மையான காரணம் இதுதான். ஆனால் எஞ்சினும் கியர் பெட்டியும் போல்ட்டில் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். முதல் முறை நான் அப்படி எண்ணி, எஞ்சினை மூன்று தடவை ஏற்றி இறக்கினேன்.

010 என்று முடியும் அந்த வார்ப்பு 1969 முதல் 1979 வரை வந்தது. அதில் பின் மெயின் சீல், அதாவது கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம், இரண்டு துண்டுகளாக இருக்கும். கிராங்கின் பின் விளிம்பில் போல்ட் வட்டம் 3.58 அங்குலம். உங்கள் பழைய எஞ்சினிலும் அதே அளவுதான், எனவே ஃப்ளைவீலும் (கிராங்கின் பின்னால் பூட்டும் கனத்த சக்கரம்) கிளட்சும் அப்படியே மாறிவிடும். 1986-ல் அந்தச் சீல் ஒற்றைத் துண்டானபோது போல்ட் வட்டம் 3 அங்குலமாகச் சுருங்கியது; அத்துடன் சமநிலைக்கான எதிர் எடையையும் ஃப்ளைவீலில் வைத்தார்கள். ஆகவே வோர்டெக்கை எடுத்தால் அதற்கென்றே உரிய ஃப்ளைவீல் வாங்க வேண்டும். துளை வட்டத்தை எப்படியாவது மாற்றிப் பழையதையே பூட்டிவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். எதிர் எடை இல்லாமல் அந்த எஞ்சின் உதறிக்கொண்டே ஓடும்.

எஞ்சின் தாங்கிகள் ஆறு சிலிண்டருக்கும் வி8-க்கும் வெவ்வேறானவை. அதே தலைமுறை, அதாவது 1967 முதல் 1972 வரையிலான வி8 பிக்கப்பிலிருந்து கழற்றிய தாங்கிகளைத் தேடி வாங்குங்கள். சைலன்சர் குழாய் முழுவதும் புதிதாக வேண்டும். எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் மேனிஃபோல்டுக்கு, ஆட்டுக்கடாவின் கொம்புபோல் வளைந்திருப்பதால் ராம்ஸ் ஹார்ன் என்று பெயர் பெற்ற பழைய வார்ப்பிரும்பு வகையைப் பரிந்துரைப்பேன்; அது எஞ்சினை ஒட்டியே இறங்குவதால் ஸ்டீயரிங் பெட்டிக்கு இடைஞ்சல் தராது. ரேடியேட்டரையும் வி8-க்கு உரியதாக மாற்றிவிடுங்கள்.

மறுமொழி 2 (நேர்வரிசை)

மாற்றுக் கருத்தாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இன்னொரு 250 எஞ்சினையே ஏன் தேடக் கூடாது? அது கமாரோ, நோவா, ஷெவெல் ஆகிய கார்களிலும் வந்ததுதான். தாங்கி, கிளட்ச் இணைப்பு, ரேடியேட்டர், சைலன்சர் எதையும் தொடாமல் ஒரு வார இறுதியில் வேலையை முடித்துவிடலாம். 155 குதிரைத்திறன் எஞ்சினுக்காக வடிவமைத்த டிரம் பிரேக்குகளை நம்பி வி8 ஓட்டுவது எனக்கு உவப்பானதாக இல்லை. 292 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் கிடைக்கிறதே என்று மட்டும் ஆசைப்பட்டுவிடாதீர்கள். அதன் பிளாக் உயரமானது, வலப்புறத் தாங்கியின் இடமும் வேறு.

மறுமொழி 3 (உருளைத்தண்டு)

நேர்வரிசை நண்பர் பிரேக்கைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதற்குத் தீர்வு அந்தக் குடும்பத்திலேயே இருக்கிறது. 1971-ல் இந்தப் பிக்கப்புகளுக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் வந்தது. 1971 அல்லது 1972 வண்டியின் முன் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டலாம். அப்போது முன்சக்கரத்தில் ஆறு போல்ட்டுக்குப் பதில் ஐந்து போல்ட் ஆகிவிடும் என்பதால், பின்சக்கரத்தையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை நான் வோர்டெக் பக்கம். 255 குதிரைத்திறன், உருளை லிஃப்டர் கொண்ட கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம்; அதன்மேல் ஏறி இறங்குபவை லிஃப்டர்கள்), 906 அல்லது 062 என்று முடியும் வார்ப்பு எண்ணுள்ள நல்ல ஹெட்டுகள். எழுபதுகளின் 350 இதற்கு ஈடாகாது. எனினும் இதைக் கார்புரேட்டருக்கு மாற்றும்போது எதிர்பாராத செலவுகள் வரிசையாக வரும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹெட்டுக்குப் பக்கத்துக்கு நான்கு போல்ட் மட்டுமே என்பதால் பழைய இன்டேக் மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுசெல்லும் பாகம்) உட்காராது. இயந்திர எரிபொருள் பம்புக்குப் பெரும்பாலும் வழியே இராது. 5 முதல் 7 பிஎஸ்ஐ தரும் மின் பம்பும், ஆயில் அழுத்தம் விழுந்தால் அதை நிறுத்தும் சுவிட்சும் தேவை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் மின்பொறியைப் பங்கிடும், கணினியை நம்பிய டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடும்போது, அதன் பல்சக்கரம் எஃகுக் கேமுக்கு ஏற்ற உலோகமா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பற்கள் அரைபட்டு அந்தத் தூள் ஆயிலில் கலந்துவிடும்.

உங்கள் மூன்று கியர் பெட்டிக்காக இன்னும் இரண்டு. டாஹோ தானியங்கி கியர் வண்டி. எனவே கிராங்கின் பின்முனையில், கியர் பெட்டித் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ் இருக்காது, நீங்கள்தான் அடித்து ஏற்ற வேண்டும். கிளட்ச் பெடலிலிருந்து வரும் குறுக்குத் தண்டு பிளாக்கின் இடப்பக்கத்தில் ஒரு குண்டாணியில் ஊன்றி நிற்கிறது. பிந்தைய பிளாக்குகள் சிலவற்றில் அதற்கான மேடு இருந்தும் துளை இராது. எஞ்சின் தரையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர் (தார்ப்பாய்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரண்டு எஞ்சின்களையும் நேரில் சென்று பார்த்தேன். வோர்டெக் பிளாக்கில் உருளைத்தண்டு அவர்கள் எச்சரித்தபடியே குண்டாணித் துளை இல்லை. பழைய 350-யில் இருக்கிறது, கிராங்க்கும் கையாலேயே தடையின்றிச் சுற்றுகிறது. கியர் பெட்டியை விட மனம் வராததால் பழைய 350-யையே எடுத்துவிட்டேன். புதிய கேமும் லிஃப்டர்களும் போடப்போகிறேன். எச்இஐ வகை (மின்னணுப் பற்றவைப்பு) டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றும் கூடவே கிடைத்தது. முதல் முறை ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை உண்டா?

மறுமொழி 4 (பழஞ்சக்கரம்)

நல்ல முடிவு. உங்கள் வண்டியில் பழைய பிளாட்டினம் பாயின்ட் வகைப் பற்றவைப்பின் காயிலுக்குப் போகும் கம்பி மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்தடைக் கம்பி; எச்இஐ முழு 12 வோல்ட் கேட்கும். ஆகவே இக்னிஷனிலிருந்து தனியாக ஒரு கம்பி இழுத்துவிடுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரைப் பூட்டுவதற்கு முன், அந்தத் துளை வழியாகத் துளைப்பொறியால் ஆயில் பம்பை வலஞ்சுழியாகச் சுற்றி, எல்லா ராக்கர்களிலும் (வால்வுகளை அழுத்தும் நெம்புகோல்கள்) ஆயில் கசிவதைக் கண்ணால் பார்த்த பிறகே நிறுத்துங்கள். இதற்கு வெறும் கம்பி போதாது. காலர் உள்ள கருவி வேண்டும், ஏனெனில் காலர் இல்லாவிட்டால் ஆயில் அந்தத் துளையிலேயே வழிந்து மேலே அழுத்தம் ஏறாது.

முதலாவது சிலிண்டர் ஓட்டுநர் பக்கம் முன்னால் இருப்பது. பற்றவைப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. உங்கள் கை 1-5-3-6-2-4 என்ற பழைய வரிசைக்குப் பழகியிருக்கும், கம்பிகளை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். உங்கள் கேம் தட்டை லிஃப்டர் வகை என்பதால், துத்தநாகச் சேர்மம் மிகுந்த ஆயில் ஊற்றி, கிளப்பிய உடனே ஐட்லில் விடாமல் 2,000 முதல் 2,500 சுற்றில் இருபது நிமிடம் ஓட விட வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர், டைமிங் எல்லாம் முன்கூட்டியே சரியாக இருந்தால்தான் இது நடக்கும். செல்ஃபை அடித்து அடித்துக் கிளப்ப முயன்றால் புதிய கேம் அங்கேயே தேய்ந்துவிடும். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, பழைய ஃபில்டரை அறுத்து உள்ளே உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.