பொருள்: லேசர்-பிளாஸ்மா 'இன்ஸ்டெபிலிட்டி' – வெள்ளிக்குள் சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். அணுக்கரு இணைவுப் பாடநூலில் ஓர் இயல் மட்டும் முடியாமல் நிற்கிறது. 'இனெர்ஷியா' நிலைமம்; 'இன்ஸ்டெபிலிட்டி' நிலையின்மை. ஆகவே தலைப்பு, "நிலைம அடைப்பு இணைவில் நிலையின்மைக் கட்டுப்பாடு" (லேசரால் எரிபொருளை நெருக்கி, அது சிதறுமுன் இணையவைக்கும் முறையே நிலைம அடைப்பு இணைவு). இரண்டும் எதிர்ச்சொற்களா என்று பிழைதிருத்துபவர் கேட்கிறார்.

தமிழாசிரியர்:
நிலையின்மை வேண்டாம். குறளின் 34ஆம் அதிகாரம் நிலையாமை. மாணவன் துறவறம் என்றே நினைப்பான். 'நிலைகுலைவு' பொருந்தும். குலை என்பது கொத்து, குலைதல் கட்டவிழ்தல், 'குலை நடுங்கியது' என்பதில் ஈரற்குலை. மூன்றும் ஒரே வேரா என்பதைத் தனி மடலில் ஆராய்கிறேன். லேசரைச் சீரொளி என்றும் பிளாஸ்மாவை மின்மம் என்றும் மாற்றிவிடுங்கள்.

இயற்பியல் ஆய்வாளர்:
தனி மடலே நல்லது, ஐயா. நிலைகுலைவு என்றால் ஏதோ இடிந்து விழுந்த தொனி. இங்கே நடப்பது பெருக்கம். லேசர் ஒளியும் சிதறிய ஒளியும் சேர்ந்து பிளாஸ்மாவில், அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த வாயுவில், ஓர் அலையை வளர்க்கின்றன; வளர்ந்த அலை ஒளியை இன்னும் அதிகமாகச் சிதறடிக்கிறது. இதுவே 'தூண்டப்பட்ட சிதறல்'; இதில் ராமன், பிரில்லுவான் என இரு வகை. ராமன் வகையில் அது எலக்ட்ரான் அலை, பிரில்லுவான் வகையில் அயனி ஒலி அலை. ராமன் வகையில் தெறிக்கும் அதிவேக எலக்ட்ரான்கள் எரிபொருளை முன்கூட்டியே சூடாக்கிவிட்டால் அதை நெருக்குவது கடினம். அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகளையும் 351 நானோமீட்டர் புற ஊதாவாக மாற்றி அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். கற்றையின் அலைநீளத்தைச் சற்றே பரப்புவதும் அலையை வளரவிடாமல் தடுக்கத்தான். எனவே 'பெருகுநிலை'. சீரொளி, மின்மம் என்று தேடும் மாணவருக்கு எதுவும் கிடைக்காது.

இலங்கை உறுப்பினர்:
எங்கள் பாடநூல்களில் இனெர்ஷியா 'சடத்துவம்'. அதை எடுத்தால் சிக்கலே தீர்ந்தது.

தமிழாசிரியர்:
சடம் வடசொல்! இன்னொன்று: 'தூண்டப்பட்ட சிதறல்' எதற்கு? 'தூண்டுசிதறல்' என்று வினைத்தொகையாக்கலாம்.

இயற்பியல் ஆய்வாளர்:
சிதறலே எதையோ தூண்டுவதாகாதா?

தமிழாசிரியர்:
கொல்களிறு கொல்லும்; குடிநீர் குடிக்குமா? குடிக்கப்படும். இரண்டும் வினைத்தொகையே.

மொழிபெயர்ப்பாளர்:
தூண்டுசிதறலை ஏற்கிறேன். முந்தைய இயல்கள் அச்சாகிவிட்டதால் நிலைமத்தை மாற்ற வழியில்லை. நிலைகுலைவுக்கு மூன்று பேர், பெருகுநிலைக்கு ஒருவர், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள். நிலைகுலைவு என்றே அனுப்புகிறேன்.

இயற்பியல் ஆய்வாளர்:
என் வகுப்பில் பெருகுநிலைதான். அடுத்த பக்கத்தில் இரு-பிளாஸ்மான் சிதைவு, அதாவது லேசர் ஒளி இரண்டு எலக்ட்ரான் அலைகளாகப் பிரிவது, வருகிறது. அங்கும் 'குலைவு' என்று போட்டுவிடாதீர்கள்.