12 மீட்டர் எல்இடி வாலுக்கு (திரைச்சுவருக்கு) 4608 பிக்சல் அகல அனிமேஷன்: எந்த ஃபார்மட்டில் எக்ஸ்போர்ட் செய்வது?

மோஷன்_மணி:
எல்லோருக்கும் வணக்கம். கோவை கொடிசியாவில் ஒரு கம்பெனி விழா. மேடைக்குப் பின்னால் 12 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்துக்கு எல்இடி வால் போடுகிறார்கள், அதற்கான பின்னணி அனிமேஷன் என் பொறுப்பு. பி2.6 பேனல் (பிக்சலுக்குப் பிக்சல் 2.6 மி.மீ. இடைவெளி) என்று சொன்னதால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சாஃப்ட்வேரில் 4608 × 1152 அளவு காம்ப் (வேலைத்தளம்) போட்டு வேலையை முடித்துவிட்டேன், 3 நிமிட லூப், நொடிக்கு 30 ஃபிரேம். சிக்கல் எக்ஸ்போர்ட்டில்தான். ஹெச்.264 (வழக்கமான வீடியோ கோடெக், அதாவது சுருக்கும் முறை) ஹார்டுவேர் என்கோடிங் இந்த அகலத்துக்கு வரமாட்டேன் என்கிறது, சாஃப்ட்வேர் என்கோடிங்கில் எடுத்தால் ஃபைல் லேப்டாப்பில் திக்கித் திக்கி ஓடுகிறது. ஏற்பாட்டாளர் "4கே கொடுங்க போதும்" என்கிறார். 3840 × 960-இல் கொடுத்து அங்கே பெரிதாக்கிக்கொள்ளச் சொல்லலாமா? இல்லை, இரண்டாக வெட்டி இரண்டு லேப்டாப்பில் ஓட்டலாமா? எந்த சாஃப்ட்வேரில் ஓட்டப் போகிறார்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

வால்_ஆபரேட்டர்:
தம்பி, முதலில் 4கே என்ற பேச்சை விடுங்க. எல்இடி வாலுக்கு 4கே, ஹெச்டி என்று அளவு கிடையாது, பேனலை எண்ணினால் வருவதுதான் அளவு. அரை மீட்டர் சதுரப் பேனல், பி2.6 என்றால் ஒரு பேனலில் 192 × 192 பிக்சல். 24 பேனல் அகலம், 6 பேனல் உயரம், ஆக உங்கள் 4608 × 1152 கணக்கு சரி. ஆனால் வாடகைக்குக் கொடுப்பவரிடம் பிக்சல் மேப்பை (எத்தனை பேனல், எத்தனை பிக்சல் என்ற வரைபடம்) எழுத்தில் வாங்கினீர்களா? அவரிடம் அன்றைக்கு எந்த ஸ்டாக் இருக்கிறதோ அதுதான் மேடைக்கு வரும். பி3.9 வந்தால் ஒரு பேனல் 128 பிக்சல், மொத்தமும் 3072 × 768 ஆகிவிடும்.

ஃபார்மட் விஷயம். பெரும்பாலான கிராஃபிக்ஸ் கார்டுகளில் ஹெச்.264 ஹார்டுவேர் 4096 அகலத்தோடு நின்றுவிடும், அதைத் தாண்டினால் முழுச் சுமையும் சிபியு தலையில் விழும். அதனால்தான் உங்களுக்குத் திக்குகிறது. ஹெச்.265 8192 வரை போகும், ஆனாலும் மேடை வேலைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரு ஃபிரேமைக் காட்ட முன்னால் இருக்கும் ஃபிரேம்களையும் பிரிக்க வேண்டிய கோடெக் அது, நடுவிலிருந்து ஓட்டச் சொன்னால் தடுமாறும். ஹாப் க்யூ என்ற கோடெக்கில் எடுங்க. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி, பிரிக்கிற வேலையில் பெரும்பங்கை கிராஃபிக்ஸ் கார்டே பார்த்துக்கொள்ளும். விலை என்னவென்றால் ஃபைல் சைஸ்: பிக்சலுக்கு ஒரு பைட் வீதம் உங்கள் ஃபிரேம் சுமார் 5.3 எம்பி, 30 ஃபிரேமுக்கு நொடிக்கு 160 எம்பி வரை போகும், 3 நிமிடத்துக்கு 28 ஜிபிக்கு மேலேகூட வரலாம். அதனால் எஸ்எஸ்டியிலிருந்துதான் ஓட்ட வேண்டும், பென்டிரைவில் கொண்டுபோய் அதிலிருந்தே பிளே பண்ணுகிற வேலை வேண்டாம். அங்கே ஓட்டும் சாஃப்ட்வேர் ரெசொல்யூம் என்று தெரிந்தால் அதன் சொந்த கோடெக்கான டிஎக்ஸ்வியில் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு லேப்டாப் வேண்டவே வேண்டாம். இரண்டும் ஒன்றாகத் தொடங்கினாலும் போகப் போக விலகும், நடுவில் லோகோ கடக்கும்போது பட்டென்று தெரியும். ஒரே ஃபைல், ஒரே மெஷின், 2304 × 1152 வீதம் இரண்டு அவுட்புட். வெட்டுகிற வேலையை அவுட்புட்டில் செய்யுங்க, ஃபைலில் செய்யாதீங்க.

நிழல்_நீலம்:
மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலிருந்து நேராக ஹாப்புக்குப் போகாமல் முதலில் 16 பிட் டிஃப் அல்லது பிஎன்ஜி சீக்வென்ஸாக (ஃபிரேமுக்கு ஒரு படமாக) ரெண்டர் செய்துவிடுங்கள். பாதியில் கிராஷ் ஆனால் நின்ற ஃபிரேமிலிருந்து தொடரலாம், வாடிக்கையாளர் நடுவில் ஒரு பத்து விநாடியை மாற்றச் சொன்னால் அதை மட்டும் திரும்ப எடுக்கலாம். அந்த சீக்வென்ஸை எஃப்எஃப்எம்பெக் என்ற கன்வர்ட்டரில் ஹாப் க்யூவாக மாற்றிக்கொள்ளுங்கள். சாதா ஹாப் சைஸில் பாதிதான், ஆனால் கருநீலம் மெல்லக் கறுப்பாகும் இடங்களில் பட்டை பட்டையாகத் தெரியும். மானிட்டரில் கண்ணுக்குப் படாத பட்டை எல்இடியில் பளிச்சென்று தெரியும், அந்த இடங்களில் கொஞ்சம் கிரெயின் (பொடிப் புள்ளிகள்) சேருங்கள். முழுத்திரை வெள்ளையும் வேண்டாம், முன்னால் நின்று பேசுகிறவர் முகம் கேமராவில் இருண்டுவிடும்.

லூப்பில் முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கடைசியை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன விக்கல் வரும்.

மோஷன்_மணி:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி நண்பரே. பிக்சல் மேப் கேட்டு போன் செய்தேன். பி2.6 வேறு நிகழ்ச்சிக்குப் போய்விட்டதாம், பி2.97 போடுகிறார்களாம், பேனலுக்கு 168 பிக்சல். அப்படியென்றால் 4032 × 1008. செய்ததை எல்லாம் திரும்பச் செய்ய வேண்டுமா?

வால்_ஆபரேட்டர்:
வேண்டாம். விகிதம் அதே நாலுக்கு ஒன்றுதான். 4032 × 1008-இல் புதிய காம்ப் போட்டு, பழையதை அதற்குள் வைத்து சரியாக 87.5 சதவீதத்துக்குக் குறையுங்க. லோகோ, எழுத்து வெக்டராக இருந்தால் கன்டினியுவஸ் ராஸ்டரைஸ், புதிய காம்பில் வைத்த பழைய காம்புக்கு கொலாப்ஸ் சுவிட்ச், இரண்டையும் போட்டுவிட்டுப் பாருங்க, புது அளவிலேயே கூர்மையாக வரையப்படும். குறைத்த பிறகு தமிழ் எழுத்துகளை நூறு சதவீத ஜூமில் ஒருமுறை பாருங்க. 'ண', 'ழ' உள்ளே இருக்கும் சுழி மூடிக்கொண்டால் எழுத்தைப் பெரிதாக்கணும், இல்லை மெல்லிய ஃபான்ட்டுக்கு மாறணும். ஆனால் கோடு 3 பிக்சலுக்குக் கீழே போகவேண்டாம், ஒற்றைப் பிக்சல் கோடு நகரும்போது மினுக்கும். மங்கலான பின்னணித் துகள்களுக்கு இவ்வளவு கவனம் தேவையில்லை, அதைப் பாதி அளவில் செய்து பெரிதாக்கினாலும் யாருக்கும் தெரியாது.

அப்புறம், 4032 அகலத்திலேயே ஒரு டெஸ்ட் பேட்டர்ன் செய்யுங்க. 168 பிக்சலுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் பேனல் எண், ஓரம் முழுக்க ஒற்றைப் பிக்சல் சிவப்புக் கோடு, இடமிருந்து வலம் நகரும் ஒரு செங்குத்துக் கோடு. சிவப்பு எந்தப் பக்கமாவது காணவில்லை என்றால் வாலுக்குப் படம் அனுப்பும் பிராசஸரில் ஸ்கேலிங் ஆன் ஆகியிருக்கலாம். நகரும் கோடு நடுவில் உடைந்தால் இரண்டு அவுட்புட்டும் ஒத்துப்போகவில்லை. முந்தின நாள் இரவு வால் ஏறியதும் இதை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் உங்கள் ஃபைலைப் போடச் சொல்லுங்க.

நிழல்_நீலம்:
4032 ஆனதால் இப்போது ஹெச்.264 ஹார்டுவேருக்குள்ளேயே வந்துவிட்டது. ஹாப்பை மெயினாக வைத்துக்கொண்டு, அதே அளவில் ஒரு ஹெச்.264 ஃபைலையும் மாற்றாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இருக்கும் மெஷினில் ஹாப் திறக்காவிட்டால் உதவும்.