விளையாட்டுக்குள் தொடங்கும் காதலைக் குறைந்த செலவில் படமாக்குவது எப்படி?

உவர்மலை இளைஞன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை நகரில் வசிக்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஏறத்தாழ 40 நிமிட நீளமுள்ள சுயாதீனத் திரைப்படம் ஒன்றை எடுக்க ஆயத்தமாகிறோம். தயாரிப்பாளர் என்று எவரும் இல்லை. ஒவ்வொருவரும் தம் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் பணமும், நண்பர் ஒருவரின் பழைய கமராவும், ஓரளவு நல்ல கைத்தொலைபேசிகளுமே எங்கள் முதலீடு.

கதை 2022ஆம் ஆண்டில் நடக்கிறது. உவர்மலையில் வசிக்கும் ஓர் இளைஞனும் பாலையூற்றில் வசிக்கும் ஒரு பெண்ணும், கைத்தொலைபேசியில் பலர் சேர்ந்து விளையாடும் சுடுதல் விளையாட்டு ஒன்றில் தற்செயலாக ஒரே அணியில் சேர்கிறார்கள். விளையாட்டில் வைத்துக்கொண்ட புனைபெயர் தவிர ஒருவரைப் பற்றி மற்றவருக்கு எதுவும் தெரியாது. இருவரும் ஒரே ஊரவர் என்பதுகூடத் தெரியாது. சைக்கிளில் சென்று சந்திக்கக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, வெளிநாட்டில் எங்கோ இருக்கும் சேர்வர் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் எங்களை இந்தக் கதைக்குள் இழுத்தது.

எங்களுக்கு விடை கிடைக்காத இடங்கள் இவை. கதையின் பாதி விளையாட்டுக்குள் நடப்பதால் திரையை நெடுநேரம் காட்டினால் கேம் விளையாடாதவர்கள் சலித்துப் போவார்கள். காட்டாமல் விட்டால் காதல் எங்கே வளர்ந்தது என்பதே தெரியாமல் போய்விடும். இருவரும் ஒரே ஊரவர் என்பதை வசனத்தால் சொல்லாமல் எப்படி வெளிப்படுத்துவது என்பதும் பிடிபடவில்லை. சோதனையாக எடுத்த காட்சிகளில் விளையாட்டுத் திரையின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. அத்துடன், பிரபலமான ஒரு கேமின் காட்சிகளை நாங்கள் படத்தில் பயன்படுத்தலாமா? அனுபவமுள்ள அண்ணாமாரும் அக்காமாரும் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

மைக் அணைத்தவள் எழுதியது:

நான் திரைப்படம் எடுத்தவள் அல்லள். ஆனால் இந்த விளையாட்டுகளை நெடுங்காலமாக விளையாடுகிறவள் என்பதால் உங்கள் முதற்கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. விளையாட்டில் யார் யாரைச் சுட்டார் என்பதைக் காட்டாதீர்கள். யார் யாருக்காக நின்றார் என்பதைக் காட்டுங்கள். பப்ஜியை எடுத்துக்கொண்டால், அணியில் ஒருவர் அடிபட்டு வீழ்ந்ததும் இன்னொருவர் அருகில் சென்று அவரை எழுப்ப வேண்டும். அதற்கு 10 விநாடிகள் பிடிக்கும். அந்த 10 விநாடிகளும் எழுப்புகிறவர் சுட முடியாது, நகர்ந்தால் எழுப்புதல் முறிந்துவிடும், எதிரணியினர் நெருங்கிக்கொண்டிருப்பார்கள். முகம் தெரியாத ஒருவருக்காகத் தன் ஆட்டத்தையே இழக்கத் துணிந்து ஒருவர் அங்கே நிற்பதை வெட்டாமல் முழுமையாகக் காட்டினால், கேம் விளையாடாத என் அம்மாவுக்கும் அது விளங்கும். அரிதாகக் கிடைக்கும் மூன்றாம் நிலைத் தலைக்கவசத்தைத் தான் அணியாமல் மற்றவரின் காலடியில் போட்டுவிட்டுப் போவதும் அத்தகையதே. நாங்கள் அன்பை அங்கே அப்படித்தான் காட்டுகிறோம்.

உங்கள் கதைச் சுருக்கத்தில் ஒரு முக்கியமான விடயம் விடுபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பெண் தொடக்கத்தில் மைக்கைத் திறக்கவே மாட்டாள். பெண் குரல் கேட்டதும் பேச்சின் போக்கு மாறிவிடும் என்பதையும், பக்கத்து அறையில் இருக்கும் அப்பாவுக்குத் தன் பேச்சு கேட்கும் என்பதையும் அறிந்தவள் அவள். எனவே அவன் அவளை ஓர் ஆணாகவே எண்ணி, "மச்சான்" என்று அழைத்துக்கொண்டு நெடுநாள் விளையாடியிருப்பான். அவளோ விளையாட்டிலேயே தயாராக இருக்கும் குறுஞ்செய்திகளாலும், துப்பாக்கியை மேலே உயர்த்தித் தாழ்த்தும் சைகைகளாலும் மட்டும் பதில் சொல்லியிருப்பாள். அவள் முதன்முதலாக மைக்கைத் திறக்கும் கணம்தான் இந்தப் படத்தின் நடுப்புள்ளி. அதன்பின் அவன் அவளை எப்படி நடத்துகிறான் என்பதில்தான் அவன் காதலுக்குத் தகுதியானவனா என்பது தெரியவரும். தயவுசெய்து அந்த இடத்தை அவசரமாகக் கடந்து போய்விடாதீர்கள்.

ஒரே ஊர் என்பதை வெளிப்படுத்த 2022ஆம் ஆண்டே உங்களுக்கு வழி தருகிறது. பொருளாதார நெருக்கடியால் இலங்கையில் மின்வெட்டு நடைமுறையில் இருந்த காலம் அது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரைகூட மின்சாரம் இல்லாமல் இருந்தோம். நாடு முழுவதையும் ஆங்கில எழுத்துகளால் பெயரிட்ட பிரிவுகளாகப் பிரித்து நேர அட்டவணை வெளியிட்டார்கள். மின்சாரம் நின்றதும் வீட்டு ரவுட்டர் அணைந்துவிடும். கைத்தொலைபேசியில் மின்கலம் இருந்தாலும் விளையாட்டு அறுந்துவிடும். இருவரும் ஒரே கணத்தில் விளையாட்டிலிருந்து விழுகிறார்கள், மின்சாரம் வந்ததும் ஒரே நேரத்தில் திரும்பி வருகிறார்கள். இது ஓரிரு முறை நடந்தால் தற்செயல் என்று எண்ணலாம். வாரக்கணக்கில் நடந்தால், இருவரும் தனித்தனியே அந்த அட்டவணையை எடுத்துப் பார்ப்பார்கள். அங்கே வசனமே தேவைப்படாது.

பாலையூற்றுத் தொகுப்பாளர் எழுதியது:

தம்பி, மேலே தங்கச்சி சொன்ன மின்வெட்டு யோசனை கதைக்கு மட்டுமல்ல, உங்கள் கறுப்புப் பட்டைகளுக்கும் மருந்தாகும். எப்படி என்று சொல்கிறேன்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. ரியூப் விளக்குகளும் மலிவான எல்இடி குமிழ்களும் விநாடிக்கு 100 முறை மினுங்கும். ஆகையால் ஷட்டர் வேகத்தை, அதாவது கமரா ஒவ்வொரு சட்டகத்துக்கும் (ஃபிரேம்) ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/50 விநாடி என்று வைத்தால் விளக்கு மினுங்குவது தெரியாது. ஆனால் பெரும்பாலான கணினித் திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுபவை. 1/50 வைத்தால் அவற்றில் பட்டை ஓடும், 1/60 வைத்தால் விளக்கு மினுங்கும். ஒரே காட்சியில் இரண்டும் இருக்கும்போது ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடுவது இதனால்தான். கணினித் திரையாக இருந்தால், அமைப்புகளுக்குள் சென்று புதுப்பிப்பு வீதத்தை 50 ஹேர்ட்ஸாகக் குறைக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் விநாடிக்கு 25 சட்டகம், 1/50 ஷட்டர் என்று முழுப் படத்தையும் எடுத்துவிடலாம். கைத்தொலைபேசித் திரையில் அந்த வசதி பொதுவாக இராது. அங்கே பகல் வெளிச்சத்திலோ, மின்வெட்டுக் காட்சியில் மெழுகுதிரி, குப்பிவிளக்கு வெளிச்சத்திலோ எடுக்கும்போது, மின்விளக்கே இல்லாததால் 1/60க்குத் தயக்கமின்றிப் போகலாம். மின்கலத்தில் எரியும் டோர்ச்சுகள் சில அவையாகவே மினுங்கும். எடுப்பதற்கு முன் சோதித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியின் பிரகாசத்தைக் குறைத்து வைத்தால் ஓஎல்இடி திரைகள் துடிக்கும் என்பதால், அதை உயர்த்தி வைத்து கமராவின் பக்கத்தில் ஒளியைக் குறையுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், என் ஆலோசனை வேறு. திரையைப் படமெடுப்பதைக் கூடியவரை தவிருங்கள். கைத்தொலைபேசியின் முதுகு கமராவை நோக்கியிருக்க, அதன் ஒளி முகத்தில் விழுந்து மாறுவதை எடுங்கள். விளையாட்டுக் காட்சி தேவையான இடத்தில் திரைப்பதிவை நேரடியாக முழுத்திரையில் வையுங்கள். கைத்தொலைபேசித் திரைப்பதிவுகளின் சட்டக வீதம் நிலையாக இராது. அப்படியே தொகுப்பில் போட்டால் ஒலியும் ஒளியும் மெல்ல மெல்ல விலகும். இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான வீதத்துக்கு மாற்றிவிட்டுத் தொகுக்கத் தொடங்குங்கள். தொகுப்பதற்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே உங்களுக்குத் தாராளம்.

குரல்களை விளையாட்டின் மைக்கில் பதிவுசெய்யாதீர்கள். நடிகர்கள் இருவரையும் ஓர் அமைதியான அறையில் எதிரெதிரே இருத்தி, நல்ல மைக்கில் பதிந்துவிட்டு, பின்னர் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழும் 3400 ஹேர்ட்ஸுக்கு மேலும் உள்ள ஒலியை வெட்டினால் தொலைபேசிக் குரல் கிடைத்துவிடும். சந்திக்கும் காட்சியில் அந்த வெட்டை நீக்கிவிடுங்கள். அவன் அவளுடைய முழுக் குரலை முதன்முறையாகக் கேட்கிறான் என்பதைப் பார்வையாளரின் காதே உணர்ந்துகொள்ளும்.

உரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வணிக விளையாட்டின் படமும் ஒலியும் அதை உருவாக்கிய நிறுவனத்துக்குச் சொந்தமானவை. யூடியூபில் பலர் போடுகிறார்கள் என்பதற்காக, நுழைவுச்சீட்டு விற்றுத் திரையிடும் படத்திலும் போடலாம் என்று ஆகாது. 2024இல் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஹாம்லெட்' என்ற பிரித்தானிய ஆவணப்படம் முழுவதும் ஓர் இணைய விளையாட்டுக்குள்ளேயே பதிவானது. அந்த முறையை ரசியுங்கள். ஆனால் உங்கள் கைக்கு அடக்கமான வழி, சொந்தமாக ஒரு விளையாட்டை உருவாக்குவதுதான். கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் முற்றிலும் இலவசம், திறந்த உரிமம் கொண்டது. ஒரு தீவு, ஒரு வீடு, இரண்டு உருவங்கள், வீழ்வதும் எழுப்புவதும் மட்டும் போதும். நிரல் எழுதத் தெரிந்த மாணவர் ஒருவரை உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தீவில் நம் ஊர்ப் பனையையும் புள்ளிமானையும் வைத்துவிட்டால், அவன் அறியாமலே தன் ஊருக்குள்தான் விளையாடிக்கொண்டிருந்தான் என்ற எண்ணமும் படத்துக்குள் வந்துவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

படம் எடுக்க முன்வந்த பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். ஆயினும் ஒரு கவலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் விளையாட்டுக் கோளாறைச் சேர்த்திருக்கிறது. அந்தப் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள் விடியும்வரை கைத்தொலைபேசியுடன் விழித்திருந்ததை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். காதலின் அழகோடு அந்த இழப்பையும் உங்கள் படம் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மைக் அணைத்தவள் எழுதியது:

சேர், உங்கள் கவலையை மதிக்கிறேன். ஆனால் அந்த வகைப்பாடே, விளையாட்டின் மீது கட்டுப்பாடு இழந்து, வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைத்து, தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்வதைத்தான் கோளாறு என்கிறது. பொதுவாக ஓராண்டுக் காலமாவது அப்படி இருந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விளையாடும் எல்லாரும் அதற்குள் அடங்கமாட்டார்கள். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்று, இருளில் உட்கார்ந்திருந்த எங்கள் வயதினர் பலருக்கு நண்பர்களோடு சேர்ந்திருக்கக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். இழப்பைக் காட்டத்தான் வேண்டும் என்றால், அவன் அம்மா கூப்பிடும்போது ஆட்டத்தை நிறுத்த முடியாமல் அவன் தவிப்பதைக் காட்டுங்கள். இணையத்தில் பலரோடு ஆடும் ஆட்டத்தை இடைநிறுத்த முடியாது என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. தம்மை மதிக்கவில்லை என்றே எண்ணுகிறார்கள். அந்தக் காட்சியில் அம்மாவின் பக்கமும் நியாயமாக ஒலிக்க வேண்டும்.

உவர்மலை இளைஞன் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மின்வெட்டு அட்டவணையையும், பெண் மைக்கைத் திறக்கும் காட்சியையும் வைத்துத் திரைக்கதையைத் திருத்தத் தொடங்கிவிட்டோம். ஆசிரியர் ஐயா சொன்னதும் அம்மாவின் காட்சிக்குள் வரும். இனி இடம் பற்றியே ஐயம். இறுதிச் சந்திப்பைக் கோணேசர் கோயிலடியில், சுவாமி மலையின் விளிம்பில், ட்ரோன் காட்சியுடன் வைக்க நண்பர்கள் விரும்புகிறார்கள். இது சரியாக வருமா?

பாலையூற்றுத் தொகுப்பாளர் எழுதியது:

வைக்காதீர்கள், தம்பி. கோயிலுக்குப் போகும் வழியே பிரெடரிக் கோட்டைக்குள்ளால்தான் செல்கிறது. உள்ளே இராணுவம் இருக்கிறது, அப்பால் கடற்படைத் தளம் இருக்கிறது. ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். இந்தச் சிரமங்கள் ஒருபுறம் இருக்க, சுற்றுலா விளம்பரங்களில் எல்லாரும் பார்த்துப் பழகிய மலைமுகட்டில் இவ்வளவு கூச்சமுள்ள இருவர் முதன்முதலாகச் சந்திப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஊரார் கண்ணில் படாமல் ஊருக்கு நடுவிலேயே சந்திப்பதுதான் நம் நகரத்துக் காதல். பேருந்து நிலையத்தின் சனநெரிசல், தனியார் வகுப்பு முடிந்து எல்லாரும் சைக்கிள் எடுக்கும் நேரம், மாலையில் குடும்பங்கள் நிறைந்திருக்கும் டச்சுக் குடாக் கடற்கரை ஆகியவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

கடற்கரையே என்றால் பருவத்தைப் பாருங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை குழப்பும். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருந்தாலும், நிலத்திலிருந்து வீசும் கச்சான் காற்று மைக்கில் அறைந்து வசனத்தை விழுங்கிவிடும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் விடிந்து சற்று நேரத்திலோ பொழுது சாயும் வேளையிலோ எடுத்தால் ஒலி, ஒளி இரண்டும் உங்கள் பக்கம் இருக்கும். காற்று எந்த மாதமும் வரக்கூடியது என்பதால் மைக்குக்கு மயிர் உறை போட்டுக்கொள்ளுங்கள். நடிகர்களை அதே இடத்தில் மீண்டும் ஒருமுறை வசனம் பேசவைத்து, கமரா இல்லாமல் ஒலியை மட்டும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். முழு ஆக்கம் முடிந்ததும், 2015 முதல் நடந்துவரும் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவின் விண்ணப்ப விதிகளைப் பார்த்து அனுப்புங்கள். அதற்கு ஆங்கில உபதலைப்புகள் தேவைப்படக்கூடும் என்பதால், திரைக்கதை எழுதும்போதே மொழிபெயர்க்க ஒருவரைப் பிடித்து வையுங்கள்.